இழப்பதற்கு நிறைய இருக்கிறது

முதுகுத்தண்டு அடிபட்டுப் படுக்கையில் விழுந்தவரின் வீட்டுக்கு அந்தச் செய்தி எப்படியும் வந்து சேர்ந்துவிடுகிறது: "ஸ்டெம் செல் போட்டால் எழுந்து நடக்கலாமாம்." கொண்டுவருபவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. கைபேசியில் வந்த காணொளி போதும், தூரத்து உறவினர் போதும். சில வாரங்களில் அது ஒரு வாதமாகிறது. பிறகு நிலத்துக்கு விலை பேச ஆள் வருகிறார்.

அந்த வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைக்கிறேன். தண்டுவட நரம்பிழைகள் ஒருமுறை அறுந்தால் தாமாக வளர்ந்து சேர்வதில்லை. அவற்றை ஒட்டவைக்கும் மருந்தும் கிடையாது. ஆனால் பொருத்தமான உயிரணுக்களை அடிபட்ட இடத்தில் வைத்தால் எலிகள் கால் ஊன்றுகின்றன, நாய்களின் நடை தேறுகிறது. போலந்தில் ஒரு மனிதரே நடந்தார். ஜப்பான் அரசு 2018-லேயே அனுமதி கொடுத்து, மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்துவிட்டது. நம் உடம்பின் அணுக்களையே எடுத்து நமக்கே போடும்போது ஆபத்துக்கு இடமேது? ஆய்வு முடியட்டும் என்று அதிகாரிகள் காத்திருக்கலாம், படுத்திருப்பவர் எத்தனை வருடம் காத்திருப்பார்? தேறினால் லாபம். தேறாவிட்டால் இப்போதிருக்கும் நிலைதானே? இழக்க என்ன இருக்கிறது?

இதன் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எலி பொய்யில்லை, போலந்து பொய்யில்லை, ஜப்பானின் அனுமதியும் பொய்யில்லை. அவற்றிலிருந்து "ஆகவே பணம் கட்டிப் போட்டுக்கொள்ளலாம்" என்ற முடிவுக்குத் தாவுவதுதான் தவறு.

1. ஒருவர் நடந்தார் என்பது எதற்குச் சான்று?

போலந்துக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், முழுதாக யாரும் சொல்வதில்லை. 2010-இல் கத்திக்குத்தில் ஒருவருடைய தண்டுவடம் மார்புப் பகுதியில் ஏறக்குறைய முழுவதும் அறுபட்டது. 2012-இல் விரோத்ஸ்வாஃப் நகரில் பாவெல் தபாக்கோவ் தலைமையிலான குழு அவருக்கு அறுவை செய்தது. பின்னணியில் இருந்த அறிவியல், லண்டனின் ஜெஃப்ரி ரெய்ஸ்மன் பல பத்தாண்டுகள் உழைத்துச் சேர்த்தது. மூக்கில் வாசனை அறியும் நரம்பணுக்கள் வாழ்நாள் முழுக்க அழிந்து புதிதாக முளைக்கின்றன. முளைக்கும் இழைகளை மூளை வரை வழிகாட்டிக் கொண்டுசேர்க்கும் துணையணுக்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைத் தண்டுவடத்தில் வைத்தால் அங்கேயும் வழிகாட்டுமா என்பது ரெய்ஸ்மனின் கேள்வி. அருமையான கேள்விதான்.

அந்த நோயாளிக்குச் செய்தது என்ன? மண்டையோட்டைத் திறந்து, அந்தத் துணையணுக்கள் இருக்கும் வாசனை முகிழ் ஒன்றை எடுத்தார்கள். அதிலிருந்து வளர்த்த அணுக்களைக் காயத்துக்கு மேலும் கீழும் ஏறத்தாழ 100 நுண்ணூசிகளில் செலுத்தினார்கள். தழும்பை அகற்றினார்கள். கணுக்காலிலிருந்து எடுத்த நரம்பின் நான்கு கீற்றுகளால் 8 மில்லிமீட்டர் இடைவெளிக்குப் பாலம் போட்டார்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் கடும் பயிற்சி கொடுத்தார்கள். அறுவைக்கு முன் மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் அசைவு வரவில்லை என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த வெற்றிக்கு மதிப்புக் கொடுப்பது அதுதான். ஆனால் பலன் தந்தது எது? அணுக்களா, பாலமா, தழும்பு நீங்கியதா, மூன்றும் சேர்ந்தா? ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் பிரித்துச் சொல்ல வழியில்லை. காலுக்குத் தாங்குகருவி கட்டி, நடைச்சட்டம் பிடித்து அவர் நடந்ததுதான் நம் ஊர்க் காணொளிகளில் "எழுந்து நடந்தார்" ஆனது.

அவருடையது கத்தி இழுத்த நேர்கோட்டுக் காயம். நம்மிடம் வருபவர்கள் தென்னை, பனையிலிருந்து விழுந்தவர்கள், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர்கள், இருசக்கர வண்டியில் தூக்கியெறியப்பட்டவர்கள். இவர்களுக்கு எலும்பு நொறுங்கித் தண்டுவடம் நசுங்கியிருக்கிறது. அறுந்ததும் நசுங்கியதும் ஒரே காயமல்ல. இத்தனைக்கும் இங்கே விற்கப்படும் ஊசிகள் பெரும்பாலும் மூக்கணுக்கள்கூட இல்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்தவை. காட்டுவது ஒரு சரக்கு, கொடுப்பது இன்னொரு சரக்கு.

நாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜில் 34 வளர்ப்பு நாய்களிடம் மூக்கணுக்களைச் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக் குழு வைத்து, முறையாகச் செய்த ஆய்வு. முன்காலும் பின்காலும் ஒத்திசைந்து அடியெடுத்து வைப்பது மேம்பட்டது. ஆனால் காயத்தைத் தாண்டி மூளைக்கும் பின்காலுக்கும் நீண்ட நரம்புவழி மீண்டதற்கு அறிகுறி இல்லை. நாயின் தண்டுவடம் மூளையின் தயவில்லாமலே கால்களை ஓரளவு இயக்கும். மனிதனுக்கு அந்த வசதி மிகக் குறைவு.

2. "போட்ட பிறகு தேறியது" என்பதில் எத்தனை பங்கு தானாகவே தேறியது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தப் புள்ளிவிவரத்தையும் படிக்கக்கூடாது. தண்டுவடக் காயத்தை ஏ முதல் இ வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். ஏ என்றால் ஆசனவாய்ப் பகுதி உட்படக் கடைக்கோடியில் உணர்வும் அசைவும் அறவே இல்லை. இ என்றால் இயல்பு நிலை. தொடக்கத்தில் ஏ என்று குறிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேர் எந்த அதிசயச் சிகிச்சையும் இல்லாமல் முதல் ஆண்டில் மேற்படிக்கு ஏறுகிறார்கள். அதில் பாதிப்பேருக்குக் கொஞ்சம் அசைவும் திரும்புகிறது. சி படியில் இருந்தவர்களிலோ 60 முதல் 80 சதவீதம் பேர் டி-க்கு வந்துவிடுகிறார்கள். மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் நடக்கிறது, மிச்சம் ஒன்றரை ஆண்டு வரை மெல்ல ஊர்கிறது. ஆகவே அடிபட்ட சில வாரங்களில் எந்த ஊசியைப் போட்டாலும் அது வேலை செய்வதுபோலத்தான் தெரியும். இளநீர் கொடுத்தாலும் தெரியும்.

இப்போது ஜப்பானுக்கு வருவோம். சப்போரோ மருத்துவப் பல்கலைக்கழகமும் நிப்ரோ நிறுவனமும் உருவாக்கிய ஸ்டெமிராக் 2018 டிசம்பரில் நிபந்தனையோடு அனுமதி பெற்றது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த அணுக்களைப் பெருக்கிச் சிரைவழி செலுத்துகிறார்கள். ஆதாரம் 13 நோயாளிகள். அவர்களில் 12 பேர் குறைந்தது ஒரு படி ஏறினார்கள். அப்போது விலை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி யென். ஒப்பீட்டுக் குழு கிடையாது. எல்லோரும் அடிபட்ட சில வாரங்களில் இருந்தவர்கள், தானாகத் தேறும் காலம் ஓடிக்கொண்டிருந்தவர்கள். சிரைவழி செலுத்தும் இவ்வகை அணுக்களில் பெரும்பகுதி நுரையீரலில் சிக்கிக்கொள்கிறது என்று விலங்காய்வுகள் காட்டியிருக்கின்றன என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "நேச்சர்" இதழ் தலையங்கம் எழுதி இந்த அனுமதியைக் கண்டித்தது.

"13-இல் 12 என்பது இயல்பைவிட மிக அதிகமாயிற்றே, அது எப்படித் தற்செயலாகும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் இஸ்ரேலில் இருக்கிறது. மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களை நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்து, தயார்ப்படுத்தி, காயத்துக்குள் செலுத்தும் முறையை அங்கே உருவாக்கினார்கள். முதல் கட்டத்தில் 8 பேர், அனைவரும் ஏ படி. 3 பேர் சி-க்கு ஏறினார்கள். உலகமே நிமிர்ந்து பார்த்தது. அந்தக் குழு அங்கேயே நிறுத்திக்கொண்டு கடை விரித்திருக்கலாம். விரிக்கவில்லை, சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்து இரண்டாம் கட்டம் நடத்தினார்கள். 2012-இல் முடிவு வந்தது. அணு பெற்ற 26 பேரில் 7 பேர் மேற்படிக்கு ஏறியிருந்தார்கள். பெறாத 17 பேரில் ஏறியவர்கள் 10 பேர்.

இன்னொரு முறை படியுங்கள். அணு பெறாதவர்களில் பாதிக்கு மேல் ஏறினார்கள். 20 சதவீதம் என்பது பொதுச் சராசரி. கைக்கெட்டிய சிறு கூட்டத்தில் அது எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும். அணுக்களால் கெடுதல் என்று சொல்லும் அளவுக்கு அந்த வேறுபாடு புள்ளியியலில் உறுதிப்படவில்லை. நன்மை என்று சொல்ல இடமே இல்லை. ஒப்பீட்டுக் குழு மட்டும் இல்லாதிருந்தால், அந்த 26-இல் 7 பேரின் காணொளிகள் இன்றும் நம் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அணுச் சிகிச்சைக்கு மட்டும் வந்த சாபம் இல்லை இது. ஜிஎம்-1 என்ற மருந்து 1991-இல் 37 பேரிடம் நடத்திய ஆய்வில், அதுவும் ஒப்பீட்டுக் குழு வைத்த ஆய்விலேயே, நல்ல பலன் காட்டியது. 750-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்து 2001-இல் வெளியிட்டபோது, முக்கிய அளவுகோலில் வேறுபாடு இல்லை. முறையாகச் செய்த 37 பேர் ஆய்வே ஏமாற்றும் என்றால், ஒப்பீடே இல்லாத 13 பேரை எந்தத் தட்டில் வைப்பது?

3. "சொந்த அணு கெடுதல் செய்யாது" என்று யார் சொன்னது?

லிஸ்பனில் கார்லோஸ் லிமாவின் குழு நோயாளியின் மூக்குச் சவ்வையே எடுத்துத் தண்டுவடத்தில் பதித்துவந்தது. அப்படிப் பதித்துக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு எட்டு ஆண்டுகள் கழித்து முதுகில் வலி வந்தது. அமெரிக்காவில் திறந்து பார்த்தார்கள். தண்டுவடத்தில் ஒரு கட்டி. உள்ளே மூக்குச் சவ்வின் திசு, எலும்புத் துணுக்குகள், கெட்டியான சளி. 2014-இல் இதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அணுக்கள் அவருடையவைதான். மூக்கில் செய்யும் வேலையை முதுகில் செய்தன, அவ்வளவுதான். உயிரணு மாத்திரை அல்ல. உள்ளே போனபின் அது தன் போக்கில் பெருகும், பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட முடியாது. 2016-இல் இன்னொன்று: பக்கவாதத்துக்காகப் பல நாடுகளுக்குப் போய் அணு ஊசிகள் போட்டுக்கொண்ட ஓர் அமெரிக்கரின் தண்டுவடத்தில், பிறருடைய அணுக்களாலான வளர்ச்சி கண்டுபிடிக்கப்பட்டது. ஊசி போடுவதற்கு முன் அவருக்கு வராத செயலிழப்பு அதன்பின் வந்தது.

விற்பவர்கள் வாய் திறக்காத இன்னொரு இழப்பும் உண்டு. முறையான ஆய்வுகளில் பெரும்பாலானவை, முன்பு வேறெங்காவது அணு பதித்துக்கொண்டவர்களைச் சேர்ப்பதில்லை. அவசரமாக ஒரு கதவைத் தட்டியவருக்கு, பின்னால் திறக்கக்கூடிய உண்மையான கதவும் மூடிக்கொள்கிறது.

4. இழக்க ஒன்றுமில்லையா?

இந்த வாதத்தின் உயிர்நாடியே இந்த வாக்கியம்தான். பரிவு உடுத்திவரும் இதைவிடக் கொடூரமான வாக்கியம் இந்த விஷயத்தில் வேறில்லை. படுத்திருப்பவரிடம் மிச்சமிருப்பதற்கெல்லாம் மதிப்பு சுழியம் என்று முடிவு கட்டிய பிறகுதான் இப்படிப் பேச முடியும்.

உடம்பிலிருந்தே தொடங்கலாம். கழுத்து அடிபட்டவருக்கு ஒரே ஒரு நரம்பு மட்டம் எவ்வளவு பெரிய செல்வம் என்பது அவருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும்தான் தெரியும். ஐந்தாம் மட்டம் வரை பிழைத்தவர் முழங்கையை மடக்குவார். ஆறாவது பிழைத்தவர் மணிக்கட்டை மேலே தூக்குவார். தூக்கும்போது விரல்கள் தாமே மடங்கி ஒரு டம்ளரைப் பிடிக்கும். ஏழாவது பிழைத்தவர் முழங்கையை நீட்டுவார், ஊன்றித் தம் உடம்பைத் தாமே கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக்கொள்வார். சாப்பிட ஒருவர் ஊட்டவேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது விரலளவுகூட இல்லாத அந்தத் தண்டுவடத் துண்டு. காயத்தின் விளிம்பில் ஊசி இறக்கும்போது பணயம் வைப்பது அதைத்தான். நோய்த்தொற்று, நரம்பு வலி, தண்டுவடத்துக்குள் நீர்க்குழி உருவாவது எல்லாம் தனி. பெய்ஜிங்கில் கருவின் திசுவிலிருந்து எடுத்த அணுக்களைப் பதித்துக்கொண்ட 7 பேரை, அறுவைக்கு முன்னும் பின்னும் வெளிநாட்டு வல்லுநர்கள் தனியாகப் பரிசோதித்து 2006-இல் எழுதினார்கள். பயன்படக்கூடிய முன்னேற்றம் யாரிடமும் இல்லை. ஐவருக்கு மூளையுறை அழற்சி உள்ளிட்ட சிக்கல்கள் வந்திருந்தன.

அடுத்தது பணம். அதைக் கடைசியில் சொல்வதுதான் நாகரிகம் என்றொரு பழக்கம் இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. தண்டுவடம் அடிபட்டவரை நேரடியாகக் கொல்வது பெரும்பாலும் தண்டுவடமல்ல. படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, சிறுநீரகப் பழுது, நுரையீரல் சளி ஆகியவைதான். இவை தடுக்கக்கூடியவை. நல்ல மெத்தை, புண் வராத இருக்கை, உடம்புக்கு அளவெடுத்த சக்கர நாற்காலி, நாளுக்கு நான்கைந்து முறை கத்தீட்டர் போட்டு எடுக்கச் சுத்தமான ஏற்பாடு, வாசலில் சாய்தளம், நாற்காலி நுழையும் கழிப்பறை: இவற்றுக்கு ஆகும் பணமும் அந்த ஊசிக்குப் போகும் பணமும் ஒரே பணப்பெட்டியிலிருந்து வருகின்றன. நிலத்தை ஒருமுறைதான் விற்க முடியும். தண்டுவட ஆராய்ச்சிக்காக உலகத்திலேயே அதிகம் குரல் கொடுத்த ஹாலிவுட் நடிகர் கிறிஸ்டோஃபர் ரீவ், 2004-இல் படுக்கைப் புண்ணில் தொற்றேறிச் சிகிச்சையில் இருந்தபோது இதயம் நின்று இறந்தார். அவரிடம் இல்லாத வசதியில்லை.

"நடை" என்று நாம்தான் கத்திக்கொண்டிருக்கிறோம். காயமடைந்தவர்களையே கேட்டால்? ஆய்வாளர் கிம் ஆண்டர்சன் 681 பேரைக் கேட்டு 2004-இல் வெளியிட்டார். கை கால் நான்கும் செயலிழந்தவர்கள் முதலில் கேட்டது கையை. இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் முதலில் கேட்டது தாம்பத்திய உறவை. சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இரு சாராருமே உயர்வாக வைத்தார்கள். இருவருக்குமே நடை முதலிடம் இல்லை. விளம்பரங்களில் மட்டும் எப்போதும் ஒருவர் நடந்துகொண்டே இருக்கிறார்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, அத்துறையை வேலூரில் கட்டினார். ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இவர்களைக் காட்டித் தன்னம்பிக்கைப் பாடம் நடத்துவது என் வேலையில்லை. எல்லோரும் நிறுவனம் கட்ட வேண்டியதும் இல்லை. "இழக்க என்ன இருக்கிறது" என்ற கேள்வியை அன்று இவர்கள் படுக்கைக்கு அருகே யாராவது நின்று கேட்டிருந்தால் அது எவ்வளவு அபத்தம் என்பதற்காகச் சொல்கிறேன். தினம் வங்கிக்குப் போய்வரும், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தரும் ஒருவரிடம் கேட்டாலும் அதே அபத்தம்தான்.

5. சட்டம்தான் தடையா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் தெளிவானது: ரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சிலவற்றுக்கு வெளியே ஸ்டெம் செல்லைப் பயன்படுத்துவதென்றால் அது அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே இருக்கலாம், சிகிச்சை என்று விற்கக்கூடாது. ஆய்வில் பங்கேற்பவருக்குத் தீங்கு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் தரவேண்டும் என்கின்றன 2019-இன் மருந்து ஆய்வு விதிகள். இது யாரைத் தடுக்கிறது? ஆராய்ச்சி செய்பவரைத் தடுக்கவில்லை. டெல்லியில் மூக்குச் சவ்வை 5 பேரிடம் முறைப்படி சோதித்து, பலன் தெரியவில்லை என்று 2009-இல் நேர்மையாக எழுதியும் இருக்கிறார்கள். தடைபடுவது வசூல் மட்டும்தான்.

"ஜப்பான்போல முதலில் விற்கட்டும், பிறகு சரிபார்க்கலாம்" என்பவர்கள் ஜப்பானில் நடந்ததைப் பார்க்கட்டும். இதே நிபந்தனை வழியில் 2015-இல் அனுமதி பெற்ற, இதயத்துக்கான தசையணுத் தாள், ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பலன் உறுதிப்படாமல் 2024-இல் சந்தையை விட்டுப் போனது. இடையில் அதைப் பெற்றவர்களுக்கு என்ன பதில்?

6. "நம்பிக்கையைப் பறிக்காதீர்கள்."

அணு மாற்றம் ஒருநாளும் பலிக்காது என்று நான் சொல்லவில்லை. கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஒகானோ, நாகமுரா குழு, முதிர்ந்த அணுக்களைத் தொடக்க நிலைக்குத் திருப்பி உருவாக்கும் ஐபிஎஸ் அணுக்களிலிருந்து வளர்த்த நரம்பு முன்னணுக்களை, ஆளுக்கு 20 லட்சம் வீதம், 2021 டிசம்பரில் தொடங்கி 4 பேருக்குப் பதித்தது. 2025 மார்ச்சில் அறிவித்தார்கள்: இருவர் தேறினார்கள், அதில் ஒருவர் தாமாக எழுந்து நிற்கிறார், மற்ற இருவரிடம் குறிப்பிடும்படியான மாற்றமில்லை. கெடுதல் தெரியவில்லை. எனக்கும் அதைப் படித்தபோது மனம் துள்ளியது. ஆனால் மேலே சொன்ன மேக்ரோஃபேஜ் ஆய்வின் 8-இல் 3 பேர் நினைவிருக்கிறதல்லவா? அமெரிக்காவில் ஜெரான் நிறுவனம் கருமுளை அணுக்களை 2010-இல் முதன்முதலாக மனிதரிடம் செலுத்தி, 5 பேரோடு 2011-இல் பணமில்லை என்று நிறுத்திவிட்டது. அப்போதும் அந்த ஐவரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதித்துப் பதிவு செய்தார்கள். நம்பிக்கை இருப்பது இந்த மெதுவான வேலையில்தான், இதில் நோயாளியிடம் காசு வாங்குவதில்லை.

காசு வாங்கிய பக்கத்தையும் பாருங்கள். பெய்ஜிங்கில் 2006-க்குள் 400-க்கும் அதிகமானோருக்குக் கருத்திசு பதிக்கப்பட்டிருந்தது. மேக்ரோஃபேஜ் விவகாரத்தைத் தீர்த்துவைக்க 43 பேர் போதுமானதாக இருந்தது. இங்கே அதைப்போல ஒன்பது மடங்கு. அவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்குப் பயிற்சி மட்டும் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் ஒரே அளவுகோலால் அளந்திருந்தால், அந்த அணுக்கள் பலிக்குமா பலிக்காதா என்பது எப்போதோ தெரிந்திருக்கும். அதைச் செய்யவில்லை, ஏனென்றால் கட்டணம் கட்டி வந்தவரிடம் "உங்களுக்குச் சீட்டு விழவில்லை" என்று சொல்ல முடியாது. 400 பேர் முதுகைக் கொடுத்தும், 401-ஆவது ஆளிடம் சொல்வதற்கு அந்த மருத்துவமனையிடம் ஒரு பதில் இல்லை.